விக்னேஸ்வரி அரசாங்கத்துக்கு மிச்சம் பிடித்த கதை

நவம்பர் மாதம் வந்துவிட்டால் விக்னேஸ்வரிக்கு வயிறு எரியும். அவள் வேலை பார்த்தது கேமரன் மலை டவுனான தானா ராத்தாவில் ஓர் அரசாங்க இலாகாவில். எந்த இலாகா என்று சொல்லி என்ன ஆகப் போகிறது? நவம்பரில் எல்லா இலாகாவும் ஒரே லட்சணம்தான். வருஷம் முழுக்கக் காசில்லை, காசில்லை என்று மூக்கால் அழுபவர்கள், நவம்பர் பிறந்ததும் கல்யாண வீட்டுக்காரர்களாக மாறிவிடுவார்கள். ஒதுக்கிய பணத்தில் ஒரு காசு மிஞ்சக்கூடாது. குடை வாங்கு, பிளாஸ்க் வாங்கு, இலாகா முத்திரை குத்திய டீ-சட்டை வாங்கு, அதுவும் தீராவிட்டால் ஹோட்டலில் அறை போட்டு ஏதாவது ஒரு பயிற்சி நடத்து.

"கேமரன் மலையில குடை இல்லாதவன் எவன்லா இருக்கான்? காட்டுல கிழங்கு தோண்டுற ஆள்கிட்டகூட ரெண்டு இருக்கும்" என்று கவுண்டரில் உட்கார்ந்தபடியே எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வாள். சொல்லி என்ன பயன்? கவுண்டர் குமாஸ்தாவான ஒரு கிராணி சொல்லி எந்த அரசாங்கம் திருந்தியிருக்கிறது? அவளுக்கும் ஒரு குடையை நீட்டிவிட்டுப் போவார்கள். அதை அன்று மாலையே பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் பழம் விற்கும் பொம்பளையிடம் கொடுத்துவிடுவாள். வீட்டுக்குக் கொண்டு போனால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் எண்ணம்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க வேலைக்கு வந்தவள். சம்பளத்தில் மிஞ்சியதைத் தொடக்கூடாது என்பது அவள் வீட்டுச் சட்டம். புருஷன் ஜீவன் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். அவருக்குச் சம்பளம் என்பது கடைக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய தவணை. சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, ஓட்ட நேரமில்லாத ஒரு பெரிய மோட்டார் சைக்கிள், இரண்டுக்கும் சேர்த்துக் கூட்டுறவுக் கடன். "உங்களையும் அரசாங்கத்தையும் ஒரே நட்சத்திரத்துல பெத்துப் போட்டிருக்காங்க" என்று விக்னேஸ்வரி சொல்வாள். ஜீவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வார். அந்த மாதிரி மனுஷர்.

பதினைந்து வருஷம் கவுண்டரில் புலம்பியவளை ஒரு நாள் நிதிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பழைய நிதிக் கிராணிக்கு மாற்றல் வந்துவிட்டது, அந்த நாற்காலிக்கு வேறு ஆளில்லை, அவ்வளவுதான். இலாகா வரவுசெலவு முழுதும் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. தலைமை அதிகாரி செல்வராஜு அந்த நவம்பரில் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க இந்தியா போயிருந்தார். அவருக்குப் பதிலாக உட்கார்ந்தவர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடும் சாது.

கேட்கவா வேண்டும்? குடை இல்லை என்றாள். டீ-சட்டை இல்லை என்றாள். ஹோட்டல் பயிற்சியை அடித்தாள். சும்மா சொல்லக்கூடாது, அந்த வருஷம் பயிற்சியின் தலைப்பு 'இலக்கை நோக்கி இனிய பயணம்'. ஹோட்டலோ ஆபீசிலிருந்து நடந்து போகும் தூரம். வீட்டில் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். மிஞ்சிய பணத்தை எண்ணி, கட்டி, கருவூலத்துக்குத் திருப்பி அனுப்பினாள். அன்று இரவு அவளுக்கு வந்த தூக்கம் அலாதியானது.

பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமான் பாய்க்குத்தான் தூக்கம் போயிற்று. இலாகா விருந்துக்கெல்லாம் பிரியாணி அவர் கடையிலிருந்துதான் போகும்.

"என்னாம்மா தங்கச்சி, ஓர்டர கட் பண்ணிட்டியாமே?"

"மக்கள் காசு பாய். கண்டபடி தின்னு தீக்கறதுக்கா குடுத்திருக்காங்க?"

"நானும் மக்கள்தானம்மா" என்றார் பாய், டீயை ஆற்றியபடி.

விக்னேஸ்வரி அதற்குச் சிரித்துவிட்டு வந்தாள். பாய்க்கு வியாபாரம் போன வருத்தம். அதைப் பெரிதுபடுத்த என்ன இருக்கிறது?

அவளுக்கு ஒரே ஒரு அண்ணன், இராமையா. தோட்டத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரை வந்து இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை தானா ராத்தாவுக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். வராவிட்டால் ஆள் இல்லை. மகன் மகேன் தேயிலை ஆலையில் விடியற்காலை வேலைக்குப் போகிறவன். அவனிடம் இருப்பது ஒரு மோட்டார். டயாலிசிஸ் முடித்துத் தலை சுற்றிக் கிடக்கும் ஆளை மோட்டாரில் பின்னால் உட்கார வைத்து அந்த மலை வளைவுகளில் கொண்டு போக முடியுமா? தோட்டத்துக்குள் பஸ் வராது. வந்துகொண்டிருந்தது அவள் இலாகா வாடகைக்கு எடுத்து அனுப்பும் ஒரு வேன். தோட்டம் தோட்டமாகப் போய் இந்த மாதிரி நோயாளிகளை ஏற்றி இறக்கும். அரசாங்கம் செய்த உருப்படியான காரியங்களை விக்னேஸ்வரியைக் கணக்கெடுக்கச் சொன்னால், அந்த வேனோடு கணக்கு முடிந்துவிடும்.

ஜனவரியில் செல்வராஜுவை மாநிலத் தலைமையகத்துக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. விக்னேஸ்வரியை அறைக்கு அழைத்தார்.

"செலவுச் சாதனையில நாமதான் கடைசி. எல்லார் முன்னாலயும் எழுப்பி நிக்க வச்சுக் கேட்டாங்க."

"செலவு பண்றது என்னா சார் சாதனை? நாம மிச்சம் பிடிச்சிருக்கோம்."

"மிச்சம்னு எவனும் சொல்லலம்மா. வேலை செய்யத் தெரியாதவங்கன்னு சொன்னாங்க. பணத்த திருப்பி அனுப்பினா, நமக்கு அது தேவையில்லன்னு அர்த்தம். இந்த வருஷம் அந்தத் தொகைய அப்படியே வெட்டிட்டாங்க."

"எதுல சார் குறைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

செல்வராஜு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பளத்தில் கை வைக்க முடியாது. கட்டட வாடகையில் முடியாது. பிரமுகர்கள் வந்தால் உபசரிக்க வைத்திருக்கும் பணத்தில் கை வைக்கவே முடியாது. டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் ஒருவர் மலையேறி வந்து வெறும் வயிற்றோடு இறங்கிப் போனால் அதைவிடக் கேவலம் உண்டா? வெட்டக்கூடியது என்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான்.

"வேன் கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. அத மறுபடி போட வேணாம்" என்றார்.

"சார், அதுல எங்கண்ணன் வர்றாரு."

"தெரியும். அதுக்குத்தாம்மா நாங்க குடை வாங்குறது." அவர் குரலில் கோபம்கூட இல்லை.

அரசாங்கத்தைத் தன் அடுப்படி என்று நினைத்துவிட்டாள் விக்னேஸ்வரி. அடுப்படியில் மிஞ்சினால் அது வீட்டுக்கு. இங்கே மிஞ்சினால் அது குற்றம். பதினைந்து வருஷம் கவுண்டரில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று தன்மீதே காறித் துப்பலாம் போல் இருந்தது அவளுக்கு.

அந்த ஊரில் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் ஒய்பியைப் பார் என்பார்கள். ஒய்பி என்றால் சட்டமன்ற உறுப்பினர். தேர்தலுக்குத் தேர்தல் லயத்துக்கு வந்து, குழந்தைகளைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர். விக்னேஸ்வரி அவருடைய சேவை மையத்துக்குப் போய் வேன் கேட்டாள். அங்கிருந்த உதவியாளன் அடையாள அட்டையை நகல் எடுத்தான், விண்ணப்பப் பாரம் நிரப்பினான், அவளைப் படமும் பிடித்தான். இரண்டு வாரம் கழித்து இராமையா வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி வந்தது. மூட்டையின் மேல் ஒய்பி சிரித்துக்கொண்டிருந்தார். உப்பும் புளியும் தள்ளிவை என்று டாக்டர் சொன்ன நோயாளிக்கு, அரிசியோடு ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றும் இலவசம்.

வேறு வழி? அவளே தன் காடியை எடுத்தாள், சின்னக் கார்தான். இருட்டோடு எழுந்து தோட்டத்துக்குப் போய், அண்ணனை ஏற்றி, டவுனில் இறக்கிவிட்டு ஆபீசுக்கு ஓடுவாள். மத்தியானம் அரைநாள் விடுப்பு எடுத்துத் திரும்பக் கொண்டுபோய் விடுவாள். ஆண்டு விடுப்பு ஏப்ரலுக்குள் தீர்ந்தது. அப்புறம் சம்பளமில்லா விடுப்பு. அவளால் வர முடியாத நாளில் கோலா தெர்லாவிலிருந்து வரும் காய்கறி லோரியில், கோஸுக் கூடைகளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து இராமையா வந்து சேர்வார். ஒரு காலத்தில் லோரி ஓட்டிய மனுஷர், அதிலிருந்து இறங்குவதற்கு இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் ஆபீஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த விக்னேஸ்வரி கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

காடிக்கு டயர் மாற்றினாள். பிரேக் மாற்றினாள். தொடக்கூடாது என்று வைத்திருந்த சேமிப்பு தண்ணீராய்ப் போனது. ஜீவன் டிவிக்கு முன்னால் கால் நீட்டியபடி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அரசாங்கத்துக்கு மிச்சம் புடிச்சுக் குடுத்த. உனக்கு என்னாலா மிச்சம்?"

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதைவிடக் கொடுமை காடிக்குள் நடந்தது. அண்ணனைப் பொறுத்தவரை தங்கை இன்னமும் கவுண்டரில் பாரம் கொடுப்பவள். நிதி மேசைக்கு மாறியதை அவள் சொல்லவில்லை. முதலில் சொல்ல மறந்தாள், பிறகு சொல்லத் துணியவில்லை. இராமையா வளைவுக்கு வளைவு திட்டிக்கொண்டே வருவார்.

"எந்த நாசமாப் போறவன்லா வேன நிறுத்துனான்? உங்க ஆபீஸ்ல காசு மேசையில உக்காந்திருக்கறவன்தானே?"

"மேலேருந்து வந்த உத்தரவுண்ணே."

"மேலயாவது, கீழயாவது. அந்த மேசையில இருக்கறவனுக்கு மனசாட்சி இருந்தா ஒரு வார்த்த பேசியிருப்பான்லா. அவன் வீட்டுல ஒருத்தன் இப்படிக் கெடந்தாத் தெரியும். வெளங்குவானா அவன்?"

விக்னேஸ்வரி ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொள்வாள். "வெளங்க மாட்டாண்ணே" என்பாள்.

மறுபடி நவம்பர் வந்தது. செல்வராஜு அவள் மேசைப் பக்கம் வந்து, "இந்த வருஷம் எப்படிம்மா?" என்று பயந்து பயந்து கேட்டார். அவருக்கு அந்தப் பயமே தேவைப்படவில்லை. வெட்டு போகவும் மற்றக் கணக்குகளில் பணம் மிஞ்சியிருந்தது, அதை வேனுக்கு மாற்றத்தான் விதியில்லை.

குடை வாங்கினாள். குடைக்கு உறை தனியாக வாங்கினாள். பிளாஸ்க், டீ-சட்டை, சுவர்க் கடிகாரம், அதிகாரிகளுக்குத் தோல்பை. போன வருஷம் ரத்துசெய்த ஹோட்டலையே பிடித்து, ஆபீசில் இருந்த எல்லாரையும் இரண்டு இரவு தங்க வைத்தாள். அதில் பாதிப் பேருக்கு ஹோட்டல் ஜன்னலிலிருந்து சொந்த வீட்டுக் கூரை தெரியும். பயிற்சிக்குத் தலைப்பு வேண்டும் என்றார்கள். 'பொதுப் பணத்தில் சிக்கனம்' என்று அவளே எழுதிக் கொடுத்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு பேரில் ஒரு ஆளுக்காவது சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். தட்டு நிறைய எடுத்துக்கொண்டு, தலைப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். கமருஸ்ஸமான் பாய் ஆட்டிறைச்சி பிரியாணியோடு வந்து இறங்கினார். அவளுக்கு மட்டும் தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கி, உட்கார்ந்து, நன்றாகவே சாப்பிட்டாள்.

கடைசியில் கொஞ்சம் சில்லறை மிஞ்சியது. அதற்குப் பேனா வாங்கினாள். பேனா எழுதவில்லை. அதைப் பற்றி யாருக்கு என்ன?

தலைமையகத்துக்கு ஏக மகிழ்ச்சி. வெட்டிய தொகையும் வந்தது, மேலே கொஞ்சமும் சேர்ந்து வந்தது. செலவில் சாதனை படைத்ததற்காக விக்னேஸ்வரிக்குச் சிறந்த ஊழியர் விருது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கினாள். நேர்மையாக நடந்த வருஷத்தில் தலைகுனிவு, ஊதாரித்தனம் செய்த வருஷத்தில் கைத்தட்டல்.

முதல் வேலையாக வேன் கான்ட்ராக்டைப் போட்டாள். வேன் திரும்ப வருகிறது என்று தெரிந்ததும் ஒய்பி தானாக வந்து முளைத்தார். தோட்டத்தில் பந்தல் போட்டார்கள். வேனுக்கு மாலை, வேன் கதவில் ஒய்பி படம். ஆள் உயரத்துக்கு அட்டையில் ஒரு சாவி செய்து அதை ஓட்டுநர் கையில் கொடுத்தார். "உங்க கஷ்டம் என் கஷ்டம்" என்று மைக்கில் தழுதழுத்தார். கஷ்டப்பட்டவர்கள் வெயிலில் நிற்க, கஷ்டத்தைச் சொன்னவர் பந்தலுக்குள் இளநீர் குடித்தார். விக்னேஸ்வரி இலாகா சார்பில் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டினாள்.

பேச்சு முடிந்ததும் நோயாளிகளை வேனில் ஏற்றினார்கள். இராமையா ஜன்னலோர இருக்கையில் வசதியாகச் சாய்ந்துகொண்டு தங்கையைக் கூப்பிட்டார். அவர் இப்படி மலர்ந்திருந்து அவள் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"விக்னேசு, உங்க ஆபீஸ்ல அந்தப் பாவிய மாத்திட்டானுங்க போலருக்கே? இப்ப காசு மேசையில இருக்கறது நல்ல மனுஷன்லா. ஏழைங்க கஷ்டம் தெரிஞ்சவன்."

"அதே ஆள்தாண்ணே" என்றாள் விக்னேஸ்வரி.

"சும்மா இருலா" என்று சிரித்தார் இராமையா. "அவனுக்கு எங்கேருந்து இந்தப் புத்தி வரப் போவுது?"