என் வாசலில் வெள்ளை உடுப்பு

டிவியில் ஒரு ரயில் எரிந்துகொண்டிருந்தது.

2009ஆம் ஆண்டு, மே மாதக் கடைசி, ஒரு திங்கட்கிழமை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டிக்குக் கஸ்டர்ட் ஊட்டிக்கொண்டிருந்தேன். டிவியில் சத்தம் இல்லை. படத்துக்குக் கீழே எழுத்து மட்டும் ஓடியது. பஞ்சாப். லூதியானா. ஜலந்தர். ஊரடங்கு. கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மூதாட்டி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அன்று காலை என் மகன் நிமலன் ஜலந்தருக்கு ரயில் ஏறியிருந்தான்.

முருகனைக் கும்பிடுகிறவர்களே, அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு கிழமைக்கு முன்தான் வன்னிப் போர்க்களத்தில் எல்லாம் முடிந்திருந்தது. முடிந்தது என்று வாயால் சொல்லலாம். எங்கள் வீடுகளுக்குள் ஒன்றும் முடியவில்லை. போனை வைத்துக்கொண்டு இருந்தோம். பெயர்ப் பட்டியல்களைத் தேடினோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் இது.

அவன் ஏன் பஞ்சாபில் இருந்தான் என்று கேட்பீர்கள்.

ஏப்ரல் நடுப்பகுதி வரை என் பிள்ளை லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் மற்றப் பெடியளோடு ரோட்டில் இருந்தான். கத்திக் கத்தித் தொண்டை போனது. ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன், தொண்டை தேறிய பிறகும் கதைக்கவில்லை. மிருதங்கத்தின் மேல் துவாயைப் போட்டு மூடினான். சோற்றைப் பிசைவான், வாயில் வைக்கமாட்டான். இருபது வயதுப் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அந்தச் சுவருக்கு அப்பால்தான் பல்பீர் அக்கா இருந்தா. கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீட்டுக்கும் அவவின் வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் நாம்தாரி சீக்கியர்கள். வெள்ளைதான் உடுப்பு. ஆண்கள் தலைப்பாகையை நெற்றியில் நேர்கோடாகக் கட்டுவார்கள். மச்சம் மாமிசம் இல்லை. விடியமுன்னம் அவர்களின் பாட்டு சுவருக்குள்ளால் வரும். ஒரு விடியலில் அந்தப் பாட்டுக்கு நிமலனின் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட்டன. நான் கதவடியில் நின்று பார்த்தேன். போய்ப் பல்பீர் அக்காவிடம் அழுதேன்.

"எங்கள் ஊருக்கு அனுப்பு, பெஹன்ஜி," என்றா. எங்களுக்குள் இங்கிலீசில்தான் பேச்சு, ஆனால் என்னைத் தன் பாசையில் சகோதரி என்றுதான் கூப்பிடுவா. "அங்கே யாரும் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். மாப் பிசையச் சொல்லுவார்கள். மாட்டுக்குப் புல்லுப் போடச் சொல்லுவார்கள். மிச்ச நேரம் பாட்டு."

ஊர் பைணி சாஹிப். லூதியானாவுக்குக் கிட்ட. அந்தச் சனத்துக்குப் புனிதமான ஊர். அவர்களின் குருவை வெள்ளைக்காரன் அங்கேயிருந்து பிடித்துப் பர்மாவுக்கு நாடுகடத்தினான். அவர் இன்னும் சாகவில்லை, ஒரு நாள் திரும்பி வருவார் என்று நூறு வருசத்துக்கு மேலாக அடுப்பை அணைக்காமல் காத்திருக்கிறார்கள்.

என் மனுசனுக்கு விருப்பமில்லை. "ஆமிக்குத் தப்பிப் பிரான்ஸ். பிரான்ஸிலையிருந்து லண்டன். இப்ப பிள்ளை பஞ்சாபுக்கோ? அடுத்தது என்ன, சந்திரனுக்கோ?"

"சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதிலும் பாக்கச் சந்திரன் பரவாயில்லை," என்றேன் நான்.

போனான். கொஞ்ச நாளில் போன் எடுத்தான். குரல் வந்திருந்தது.

"அம்மா, விடியமுன்னம் எழுப்பிப்போடுறாங்கள். தலையிலையிருந்து பச்சைத் தண்ணி வாக்கவேணும். நான் இருக்கிற வீட்டிலை தேத்தண்ணியும் இல்லை. பால்தான்."

"அதுக்கு ஒருத்தரும் சாகேல்லை."

"நான்தான் முதல் ஆள் போலை கிடக்கு." சிரித்தான். என் பிள்ளை சிரித்தான்.

பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் அந்த ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் குசினிக்குள் வந்தது. ஊருக்கே ஒரு அடுப்படி. யார் வந்தாலும் சாப்பாடு. அங்கே வேலை செய்கிறவருக்குச் சம்பளமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளைகள் சிதாரோடும் தில்ருபாவோடும் குந்துவார்கள். மாஸ்டர்ஜி என்று ஒரு வயதான தபேலாக்காரர் இவனைப் பக்கத்தில் இருத்திவிட்டார். "நான் தட்டுற ரொட்டி ஒரு நாளும் வட்டமா வருதில்லை அம்மா, எங்கட தீவு மாதிரி வருது, கிழவியள் சிரிக்கினம்." ஒரு நாள் கலியாணம் பார்த்தானாம். பல சோடிகள் ஒன்றாய் ஒரே அக்கினியைச் சுற்றி வந்தார்களாம். நகையில்லை, சீதனமில்லை. பொம்பிளையும் வெள்ளை, மாப்பிளையும் வெள்ளை.

"வெள்ளையிலை கலியாணமோ?" என்று கேட்டேன். எங்கள் வீடுகளில் வெள்ளை எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை, மாஸ்டர்ஜியின் தபேலாவுக்குத் தோல் மாற்ற இரண்டு பேரும் ஜலந்தருக்குப் போனார்கள். எங்கோ வெளிநாட்டில் பஞ்சாபியரின் வழிபாட்டு இடம் ஒன்றில் நடந்த கொலையின் ஆத்திரம் அன்று பஞ்சாபின் ரோட்டுகளில் இறங்கியது. ரயில்களைக் கொளுத்தியது.

நிமலனின் போன் அடிக்கவேயில்லை. பல்பீர் அக்கா ஊருக்கு எடுத்தா. திரும்பவில்லை என்றார்கள். ரோட்டு மறியல், ஊரடங்கு, தேடுகிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் அதேதான். தேடுகிறோம்.

பஸ் எடுத்து மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனேன். முருகனுக்கு முன்னால் நின்றேன். கை கூப்ப வரவில்லை. அந்த மாதம் எனக்கும் அவனுக்கும் கோபம். இவ்வளவு சனம் கூப்பிட்டதே, எங்கே போனாய்? இப்போது என் ஒரு பிள்ளைக்காக எந்த வாயால் கேட்பேன்? விபூதி வாங்காமல் வந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை கதவு தட்டுப்பட்டது. திறந்தேன்.

வாசல் முழுக்க வெள்ளை.

வெள்ளைத் தலைப்பாகைகள். வெள்ளைச் சால்வைகள். பல்பீர் அக்கா முன்னால். அவவுக்குப் பின்னால் ஆண்களும் பெண்களும் ஒரு சொல்லுமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு. எங்கள் சனம் செத்த வீட்டுக்கு இப்படித்தான் வரும். இப்படித்தான் வாசலில் நிற்கும். முதலாவது ஆள் வாய் திறக்கும்வரை இப்படித்தான் பேசாமல் நிற்கும்.

நான் கதவை அடித்துச் சாத்தினேன். சாத்திய கதவில் முதுகை வைத்துக் கத்தினேன். "போங்கோ! ஒண்டும் சொல்லாதேங்கோ! போங்கோ!"

என் மனுசன் மாடிப்படியால் ஓடி வந்தார். வெளியில் பல்பீர் அக்கா கதவில் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே சொன்னா. "செய்தி இல்லை, பெஹன்ஜி! ஒரு செய்தியும் வரவில்லை! நாங்கள் இருக்க வந்தோம். உன்னோடு இருக்க வந்தோம்."

இவர் கதவைத் திறந்தார். அவர்கள் ஒவ்வொருவராய் உள்ளே வந்தார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு ஆபத்து வந்தால் கடவுளின் நாமத்தைச் சொல்லத் தொடங்கி அறுபடாமல் கொண்டுபோவார்கள். ஊரிலும் அந்த விடியலே தொடங்கிவிட்டார்களாம். இங்கே எங்கள் முன் அறையில். "மீன்," என்றார் இவர் திடீரென்று. ஃபிரிட்ஜில் கிடந்த மீனைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு ஓடினார். அவ்வளவு பயத்திலும் ஒரு கிழவர் தாடிக்குள் சிரித்ததைக் கண்டேன்.

வெள்ளைக் கம்பளி நூலில் முடிச்சுப் போட்ட ஒரு மாலை. அதைப் பிடித்தவர் கண்ணை மூடி, உள்ளுக்குள் நாமம் சொல்லி, முடிச்சு முடிச்சாகத் தள்ளுவார். வாய் திறக்கக் கூடாது. எழும்பக் கூடாது. மாற வருகிறவர் பக்கத்தில் இருந்து அதே மாலையைப் பிடித்துத் தானும் சொல்லத் தொடங்கவேண்டும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளவேண்டும். பிறகுதான் முதல் கை விடலாம்.

மத்தியானம் ஒவ்வொருவராய் வேலைக்குப் போனார்கள். ஒருவருக்கு ஏர்போட்டில் ஷிப்ட். ஒருவருக்குப் பஸ் ஓட்டும் வேலை. "கடவுளிட்டையும் ஷிப்ட்தானோ," என்றார் இவர், ஆனால் குரலில் நக்கல் இல்லை. பின்னேரம் பல்பீர் அக்காவும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும். அவவின் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது.

"என்னாலை ஏலுமோ?" என்று அதற்கு முன்பே அவவிடம் கேட்டிருந்தேன். "நான் உங்கடை நாமம் வாங்கேல்லையே."

"எங்களுக்குத் தீட்சையில் காதில் சொன்ன நாமத்தை நாங்கள் வெளியில் சொல்வதில்லை. என் புருசனுக்கே நான் சொன்னதில்லை. உனக்குள் என்ன ஓடுகிறது என்று யார் கேட்கப்போகிறார்கள்? தலைக்குக் குளித்துவிட்டு வா. நீ உன் ஆளைக் கூப்பிடு."

குளித்துவிட்டு வந்தேன். ஆனால் மாலையைத் தொடவில்லை. கோபம் இன்னும் கிடந்தது. ஈரத் தலையோடு மூலையில் குந்தியிருந்தேன்.

அப்போதுதான் இவரின் போன் அடித்தது.

"ஹலோ? ஹலோ?" இவர் எழும்பி நின்றார். "விளங்கேல்லை. இங்கிலீஷ், பிளீஸ். மை சன். நிமலன். மை சன் எங்கை?" மறுபக்கத்தில் ஒரு ஆண் குரல் வேகமாய், சத்தமாய், பஞ்சாபியில். இடைக்கிடை நிமல் என்ற பெயர் மட்டும் எங்களுக்கு விளங்கியது. லைன் கரகரத்தது. எந்த நேரமும் அறுந்துபோகலாம்.

அந்த வீட்டில் பஞ்சாபி தெரிந்த ஒரே ஆள் மாலையோடு கண்ணை மூடி இருந்தா.

பல்பீர் அக்கா கண்ணைத் திறந்தா. என்னைப் பார்த்தா. வாய் திறக்கவில்லை. மாலையை என் பக்கம் கொஞ்சம் உயர்த்தினா.

எனக்கு விளங்கியது. அவ கதைக்கவேண்டுமென்றால் நான் இருக்கவேண்டும். என் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்ற செய்தியை இன்னொருத்தி கேட்கும்போது, பெற்ற நான் கண்ணை மூடி, வாயை மூடி, முடிச்சுத் தள்ளவேண்டும்.

போய்ப் பக்கத்தில் இருந்தேன். கம்பளியைப் பிடித்தேன். அவவின் விரல்கள் சூடாக இருந்தன. வேறு சொல் எதுவும் எனக்கு வரவில்லை. முருகா. ஒரு முடிச்சு. முருகா. இன்னொரு முடிச்சு. கோபத்தோடுதான் கூப்பிட்டேன். கோபத்தோடும் கூப்பிடலாம் என்று அன்றுதான் தெரிந்தது. அவவின் கை மெல்ல விலகியது.

கண்ணை மூடினேன். பாசை விளங்கவில்லை. குரல் மட்டும். அவ கேட்கிறா. மறுபக்கம் சொல்கிறது. முருகா. திரும்பக் கேட்கிறா, உரத்து. முருகா. ஒரு விம்மல். பல்பீர் அக்கா அழுகிறா. என்ன அழுகை அது? சந்தோசத்துக்கும் அதே சத்தம், மற்றதுக்கும் அதே சத்தம். என் மனுசன் "என்ன? என்ன?" என்று கத்துகிறார். முருகா. கையை விடமாட்டேன். நீ விட்டாலும் நான் விடமாட்டேன். முருகா. முருகா.

காதில் குளிராய் எதுவோ பட்டது. போன்.

"அம்மா?"

என் விரல் ஒரு முடிச்சில் நின்றது.

"அம்மா, நான்தான். ஏன் பேசாமல் இருக்கிறியள்? அம்மா, பேசுங்கோவன்."

பல்பீர் அக்கா ஓடிவந்து மாலையின் மறுபக்கத்தைப் பிடித்தா. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிச்சுத் தள்ளினோம். பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

அவர்களின் ரயில் வயல்வெளியில் நின்றுவிட்டதாம். முன் பெட்டியில் புகை. சனம் குதித்து ஓடியது. ஓட்டத்தில் இவனின் போன் விழுந்தது. மாஸ்டர்ஜிக்குக் கால் பிசகிவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு, கோதுமை அறுத்த கட்டைகளுக்கு மேலால் நடந்து, கிணற்று மோட்டார் வைக்கும் ஒரு சின்ன அறைக்குள் ஒளிந்தான். வெளியில் தடிகளோடு ஆட்கள் ஓடினார்களாம். வெளியே வரப் பயம். தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு, கதவு இடுக்கால் வயலையே பார்த்துக்கொண்டு இருந்தார்களாம்.

ஊர்ச் சனம் ரோட்டை விட்டு வாய்க்கால் கரையால் டிராக்டர் கொண்டுவந்தது. ரொட்டியும் பாலும் ஏற்றி, வழியில் தவித்தவர்களுக்கெல்லாம் யார் எவர் என்று கேட்காமல் கொடுத்துக்கொண்டே தேடி வந்தது. இவன் மாஸ்டர்ஜியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருக்க, இவன் கொடுத்த நம்பருக்கு அவர்களில் ஒருவர் போன் எடுத்தாராம்.

"வயலுக்குள்ளாலை வெள்ளையாத் தெரிஞ்சுது அம்மா," என்றான். "கனக்க வெள்ளை. கண்டவுடனை அழுதிட்டன். இனிப் பயமில்லை எண்டு தெரிஞ்சுது."

அதே வெள்ளையைப் பார்த்துத்தான் நான் கதவைச் சாத்தினேன்.

இதைப் படிக்கும் சிலருக்குப் பிள்ளை திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியும். உன் பிள்ளையைக் காத்தவன் என் பிள்ளையை ஏன் விட்டான் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முருகனிடம் நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் இப்போது அவனுக்கு முன்னால் நின்று கேட்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு அல்ல. எனக்கு நடந்த மாற்றம் அதுதான்.

நிமலன் வந்துவிட்டான். மிருதங்கத்தின் துவாய் எடுபட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பல்பீர் அக்கா வீட்டில் ஒரு தவணை மாலை பிடிக்கிறேன். உள்ளே நான் யாரைக் கூப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. குசினியில் நிமலன் ரொட்டி தட்டுகிறான். இன்னும் வட்டமாக வரவில்லை.

அவன் வந்த பிறகு, வெள்ளைச் சீலை உடுத்திக்கொண்டு மனோர் பார்க்குக்குப் போனேன். செருப்புக் கழற்றும் இடத்தில் ஒரு அக்கா என் கையைப் பிடித்தா. "ஐயோ பிள்ளை, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை அக்கா," என்றேன். "என்ரை பிள்ளை வந்திட்டான்."

அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா. எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். நான் உள்ளே போனேன். கை தானாகக் கூப்பிக்கொண்டது.

உங்கள் வாசலுக்கு எது வந்தாலும், கோபமாகவென்றாலும், அவனைக் கூப்பிடுங்கள். கை களைத்துப்போனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். உங்கள் கை விடுமுன் இன்னொரு கை வந்து பிடிக்கும்.