ராக் நிற்காத மண்

இன்று எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குப் புது இரும்பு ராக் தேர்ந்தெடுக்க ஒரு இன்ஜினியர் வந்தார். தேயிலை மூட்டைகளை நான்கு தட்டு உயரத்துக்கு அடுக்க வேண்டும் என்பது தோட்ட மேனேஜரான துரையின் ஆசை.

தரையைத் துளைத்துப் பார்த்த இன்ஜினியர் சொன்னார்: “இங்க எந்த ராக்கும் நிக்காது சார். இந்த மலைச்சரிவே மெல்லக் கீழ இறங்குது. மழைக்கு முன்னாடி ஸ்டோரையே டவுனுக்கு மாத்துங்க.”

துரை உடனே தலையாட்டினார்.

மூட்டை தூக்கும் ராஜு அண்ணன் கேட்டார்: “சார், இதே சரிவுல கீழதாங்க நாங்க குடியிருக்கிற லயத்து வீடுங்க. சுவரு வெடிச்சு கை நுழையுது. புள்ளைங்க அந்தச் சுவத்தோரம்தான் படுக்குதுங்க. அதையும் ஒருக்கா பாருங்களேன்.”

“அதுக்கு இவரு வரல. நீ போய் வேலையப் பாரு” என்றார் துரை.

திங்கட்கிழமை தேயிலை டவுனுக்குப் போகிறது. லொறியில் ஏற்றப்போவது ராஜு அண்ணன்தான். ஏற்றி முடித்ததும் அவர் லயத்துக்குத் திரும்புவார்.

உங்கள் தோட்டத்திலும் மூட்டைகள்தான் முதலில் தப்பிக்கின்றனவா?