இரண்டு தோள்களுக்கு ஒரு குழல்

எங்கள் துப்பாக்கியின் குழல் தேய்ந்து முடிந்துவிட்டது என்று வீட்டில் முதலில் சொன்னவள் நான். என் கணவர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு கோடைகாலம் முழுவதும் எடுத்தது. முந்நூறு மீற்றரில் அது பழையபடியே சுட்டது. எண்ணூறுக்குப் பின்னால் போய்ப் படுத்தால், கொடித்துணி அசையாத காலைகளிலும், நன்றாக விட்ட வெடியொன்று காரணமில்லாமல் ஓரத்து வளையத்தில் போய் விழும். அவர் ரவையைக் குறை சொன்னார். பிறகு வெயிலை. பிறகு குறிப்பலகைக் குழிக்குள் இருந்து புள்ளி காட்டுபவர்களை. கடைசியில் குழல் பொருத்துபவரின் பட்டறையில், நூல் போன்ற கமராவை உள்ளே விட்டுத் திரையில் பார்த்தோம். ரவை வெடித்துப் புறப்படும் இடத்தில், வற்றிய குளத்தின் அடிமண் போல எஃகு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"இப்ப நம்புறியளோ?" என்றேன்.

"எனக்கு முதலே ஒரு சந்தேகம் இருந்தது" என்றார் அவர்.

நாங்கள் ஸ்காபரோவின் கிழக்கே மோர்னிங்சைட்டில் இருக்கிறோம். நான் மருத்துவ ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். அவர் கட்டடங்களுக்குக் குளிரூட்டி பூட்டுகிறார். பிள்ளைகள் வளர்ந்து வெளியே போன பிறகு, என்னோடு வேலை செய்யும் ஒருவர் அழைத்ததால் இந்தக் குறிசூட்டுக்குள் வந்தோம். படுத்தபடி, தோல் அங்கி போட்டு, கையில் வார் மாட்டி, தொலைநோக்கி எதுவும் இல்லாமல் சிறு வளையத்தினூடாகப் பார்த்து, தொள்ளாயிரம் மீற்றர்வரை சுடும் விளையாட்டு. இருவருக்கும் ஒரே துப்பாக்கிதான். நான் சுட்டு எழும்பியதும் அவர் தோளில் பதியும் பின்தட்டை ஒரு விரற்கடை நீட்டிவிட்டுப் படுப்பார். செப்டெம்பரில் கழகத்தில் இணையர் போட்டி நடக்கும். ஒருவர் சுட மற்றவர் காற்றைச் சொல்ல வேண்டும், பிறகு மாற வேண்டும், இருவரின் புள்ளிகளையும் கூட்டுவார்கள். ஆண்டில் நான் வேறெதற்கும் அப்படிக் காத்திருப்பதில்லை.

சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள்களில் ஒரே கேள்விதான் வரும்: "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள், உங்களுக்கு உது என்னத்துக்கு?" இதற்கு, எங்களைத் தவிரக் கழகத்திலுள்ள ஒரே தமிழர் ஒரு பதில் வைத்திருக்கிறார். மன்னார்க்காரர், வெக்ஸ்போர்ட்டில் வீடு, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஞாயிறு எங்களோடு வருவதற்காகச் தேவாலயத்துச் சனி மாலைப் பூசைக்குப் போய்விடுபவர். "அங்க சத்தம் கேட்டாப் பிறகு படுத்தம். இஞ்ச படுத்தாப் பிறகுதான் சத்தம்" என்பார். அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

புதிய குழலைக் குளிர்காலத்தில் ஆறுதலாகத் தெரிவுசெய்வோம் என்றிருந்தோம். ஜனவரியில் பிளாசா ஒன்றின் கார்த்தரிப்பிடத்தில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேன். வலது காறையெலும்பு இரண்டாக முறிந்தது. உலோகத் தகடு வைத்து திருகாணி பூட்டினார்கள். துப்பாக்கியின் பின்தட்டு வந்து உதைப்பது சரியாக அந்தத் தகட்டுக்குக் கீழேதான்.

எலும்பு பொருந்திவிட்டது, சுடலாம், ஆனால் உதையைக் குறைத்துக்கொள் என்றார் மருத்துவர். என் கணவர் அதில் கடைசிப் பகுதியை மட்டும்தான் கேட்டார். ஏப்ரலில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், பழையபடி .308 அளவுக் குழலுக்கே ஓடர் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.

"அப்ப நான்?"

"நீர் காத்தைப் பாரும். உம்மைப்போல காத்துப் பாக்க ஆரால ஏலும்?"

புகழ்ச்சியாகத்தான் சொன்னார். ஆனால் காற்றை மட்டும் பார்ப்பவர் போட்டியில் சுடுபவர் அல்ல. நான் கறியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, ஓடரை இரண்டு கிழமை தள்ளிப்போடச் சொன்னேன்.

கலிபர் என்கிற குழல் ஓட்டையின் அளவைப் பற்றி ஊருக்கு ஒரு கருத்து இருக்கும். 6.5 என்பது இப்போது எல்லோரும் பேசும் அளவு. காற்றில் குறைவாக விலகும், உதையும் .308ஐ விட மென்மை. ஆனால் எங்கள் பிரிவில் .308, .223 என்ற இரண்டு மட்டுமே செல்லும். 6.5 போட்டால் வேறு பிரிவுக்குப் போகவேண்டும். அங்கே இந்த இணையர் போட்டி இல்லை. ஆகவே அதை முதல் மாலையே அடித்துவிட்டேன். மிஞ்சியது .223. உதை பாதிகூட இல்லை. ஆட்கள் அதைச் சிறியது என்று இளக்காரமாகப் பார்ப்பார்கள். ரவையின் தலையிலிருக்கும் சன்னத்தில் நீளமானதை, எண்பது கிரெயின் எடையுள்ளதை எடுத்தால், எங்கள் .308 காற்றில் விலகும் அளவுக்குத்தான் அதுவும் விலகும். இதை நான் கணக்குப் போட்டே பார்த்தேன்.

"அது அணில் சுடுற துவக்கு" என்றார் கணவர். "எண்ணூறு மீற்றருக்கு அது போய்ச் சேருமோ, இல்லாட்டி இடையில பஸ் பிடிக்குமோ?"

மன்னார்க்காரரிடம் ஒரு .223 இருந்தது. அவரிடம் பேசி, அடுத்த ஞாயிறு முந்நூறு மீற்றரில் பழைய குழலோடு என் தோளைப் பார்ப்போம், அதற்கு அடுத்த ஞாயிறு அவருடைய துப்பாக்கியை எண்ணூறுக்குக் கொண்டுபோவோம் என்று ஏற்பாடு செய்தேன்.

முதல் ஞாயிறு நான் நினைத்ததைவிட மோசம். நான்கு வெடி விட்டேன். நான்கும் கீழே இடப்பக்கமாகச் சிதறின. மன்னார்க்காரர் பக்கத்தில் வந்து படுத்தார்.

"அக்கா, மற்றப் பக்கம் பாருங்கோ. ரவை நான் போடுறன்."

இது பழைய சோதனை. மருந்தோ வெடிக்கும் மூடியோ இல்லாத வெற்று ரவையை இடையில் போட்டுவிடுவார்கள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று சுடுபவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை விசையை அழுத்தினேன். கிளிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது. வெடிக்காத துப்பாக்கியின் முனை, கோழி கொத்துவது போல நிலத்தை நோக்கி இறங்கியது. உதை வருமென்று என் உடம்பு முன்கூட்டியே பதறியிருக்கிறது.

"பாத்தீரோ?" என்றார் கணவர். குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. "உம்மில பிழையில்லை. உடம்பு பயப்பிடுது. விடும்."

நான் எழும்பி வாரைக் கழற்றினேன். "தம்பி, இப்ப இவருக்குப் போடுங்கோ."

"எனக்கு என்னத்துக்கு?"

"சும்மா."

அவர் சிரித்துக்கொண்டே படுத்தார். மூன்று வெடிகள் நன்றாகப் போயின. நான்காவது வெற்று. கிளிக்கோடு முனை மட்டுமல்ல, மனிதரே ஒருமுறை குலுங்கினார். தொப்பி கண்ணில் வந்து விழுந்தது.

மன்னார்க்காரருக்குப் பொறுக்க முடியவில்லை. "அண்ணை, வெடிக்காத துவக்குக்கே உப்பிடியெண்டால்..."

"கை வழுக்கினது."

"அப்ப இன்னொண்டு போடட்டோ?"

"போடும். பயமே?"

இன்னும் இரண்டு முறை வெற்று வந்தது. இரண்டு முறையும் கை வழுக்கியது. அவருடைய தோளில் தகடு இல்லை, திருகாணி இல்லை, ஒன்றும் இல்லை. நான் சொல்ல வேண்டியதை அவருடைய தொப்பி சொல்லிவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் தேநீருக்கு நிறுத்தியபோது, "கன காலமா உப்பிடித்தான் சுடுறன் போல" என்று தானாகவே சொன்னார். "குழல் பழுதுதான். ஆனா எல்லாப் பழியும் குழலில போடேலாது."

அடுத்த ஞாயிறு எண்ணூறு மீற்றர். காற்று வலமிருந்து இடமாக, எழும்புவதும் படுப்பதுமாக இருந்தது. மன்னார்க்காரரின் .223இன் பின்னால் படுத்து முதல் வெடியை விட்டபோது, அது வெடித்ததா என்று ஒரு கணம் யோசித்தேன். தோளில் யாரோ விரலால் தட்டியது போல, அவ்வளவுதான். தகடு இருக்கும் இடம் எனக்கு நினைவுக்கே வரவில்லை. ஐந்து, முழுப் புள்ளி. பிறகும் ஐந்து. ஒரு நான்கு. பிறகு, தூரத்துக் கொடியொன்று உயர்வதைக் கண்டும், பக்கத்துக் கொடியை நம்பி அழுத்தினேன். குழியிலிருந்து காட்டும் புள்ளித்தட்டு இடப்பக்க இரண்டில் ஏறியது.

"சொன்னனே, பஸ் பிடிச்சிட்டுது!" என்றார் பின்னால் தொலைநோக்கியில் இருந்த கணவர்.

"அது ரவை இல்லை, நான். தூரத்துக் கொடியைக் கண்டனான்."

அந்த இரண்டு புள்ளி எனக்குப் பெரிய ஆறுதலைத் தந்தது. காற்றைத் தவறாக வாசித்தால் அடுத்த ஞாயிறு சரியாக வாசிக்கலாம். அது படிக்கக்கூடிய பிழை. உதைக்குப் பயந்து உடம்பு செய்யும் பிழையைப் படித்துத் திருத்த எனக்கு இன்னும் எத்தனை கோடைகாலம் வேண்டுமோ தெரியாது.

பிறகு அவர் படுத்தார். சுட்டு முடித்து எழும்பியபோது முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் குறை சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"உயரத்தில சிதறுது. ஒண்டு மேல, ஒண்டு கீழ."

அதில் உண்மை இருந்தது. ரவைக்கு வெடிமருந்தை வீட்டிலேயே நிறுத்து அடைக்கிறோம்; .223இன் சிறிய பித்தளைக் கோதுக்குள் மருந்து கொஞ்சம்தான். ஒரு குருணை கூடினாலும் குறைந்தாலும் அந்தத் தூரத்தில் தெரிந்துவிடும்.

"தம்பி மருந்து நிறுக்கிற விதம் அப்பிடி" என்றேன்.

"அக்கா, துவக்கும் தந்து பேச்சும் வாங்கிறன்" என்றார் மன்னார்க்காரர்.

"அப்ப நிறுக்கிறது நீர்" என்றார் கணவர்.

"இவ்வளவு காலமும் ஆர் நிறுத்தது?" என்றேன்.

அந்தக் கிழமையே பட்டறைக்குப் போனோம். எங்கள் துப்பாக்கியில், ரவையைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டின் தலை தனியாகக் கழலும்; .223இன் கோதின் அடி சிறியது என்பதால் அதற்கேற்ற தலையும் வேண்டும் என்று முதலில் சொன்னேன். முப்பது அங்குலக் குழல். உள்ளே சன்னத்தைச் சுழற்றும் புரி எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும் என்று மன்னார்க்காரர் சொல்லியிருந்தார். நான் ஏழரையைக் கேட்டேன். இந்த நாட்டில் ஏப்ரல் காற்று குளிர்ந்து கனத்திருக்கும். நீளமான சன்னம் அதற்குள் தள்ளாடாமல் போக, சற்று வேகமாகச் சுழல்வது நல்லது. ரவை அமரும் அறையையும் அந்த நீளச் சன்னத்துக்கேற்ப வெட்டச் சொன்னேன்.

எல்லாம் முடிந்தது என்று பொருத்துபவர் பேனையை மூடியபோது, வெளித்தடிப்பைப் பற்றிக் கேட்டேன். பழைய குழலின் தடிப்பிலேயே செய்தால், ஓட்டை சிறிதாவதால் உள்ளே எஃகு கூடும்; எங்கள் துப்பாக்கி ஏற்கெனவே போட்டிக்கான எடை வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது. அவர் எங்கள் துப்பாக்கியைத் தராசில் வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முனையை ஒரு அளவு மெல்லியதாக்கி எழுதினார்.

"உதை நான் யோசிக்கேல்லை" என்றார் கணவர் எடையைப் பற்றி, காருக்கு நடக்கும்போது.

"உதையைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் காணுமளவுக்கு யோசிச்சிட்டம்" என்றேன். எந்த உதையைச் சொல்கிறேன் என்று விளங்கி அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஜூலை நடுவில் குழல் பூட்டி வந்தது. புதுக் குழலை முந்நூறில் பழக்கி, ஆகஸ்ட் முதல் ஞாயிறு எண்ணூறுக்குக் கொண்டுபோனோம். பாயை அவர் விரித்தார். நான் படுத்து, வாரை இறுக்கி, கன்னத்தை மரத்தில் வைத்தேன். மருந்து நான் நிறுத்தது. உயரத்தில் சிதறல் இல்லை. பக்கவாட்டில் இரண்டு நான்குகள் கொடுத்தேன். இரண்டும் காற்று, இரண்டும் என்னுடையவை. மீதி எல்லாம் குறிப்பலகைக் கறுப்பின் நடுவில். எழும்பி, பின்தட்டை அவருக்காக நீட்டிவிட்டேன். அவர் சுட்டது என்னைவிட ஒரு புள்ளி குறைவு. முனை ஒரு முறையும் கோழி போலக் கொத்தவில்லை; பின்னால் இருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. இருக்கைப்பட்டி என் வலது தோளின் மேல்தான் கிடந்தது. வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"செப்டெம்பருக்கு எங்கட ரெண்டு பேரின்ர பேரையும் குடுப்பமே? இணையர் போட்டிக்கு?"

"குடுத்தாச்சு."

"எப்ப?"

"குழலுக்கு ஓடர் குடுத்த அண்டைக்கு."

"என்னைக் கேக்காமலோ?"

"உங்கட பேரை ரெண்டாவதாப் போட்டிருக்கிறன். முதல் சுடுறது நான்."

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. அவர் காரை மெல்ல எடுத்தார்.