இல்லாத கிளட்ச்

டாக்டர் என் இடது முட்டியை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துவிட்டு, "இனி கிளட்ச் மிதிக்காதீங்க" என்றார். நான் பிழைப்பதே கிளட்ச் மிதித்துத்தான். ஒன்பதாவதைப் பாதியில் விட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். நாக்பூர், விஜயவாடா என்று சுற்றி முடித்து, இப்போது தர்மபுரியில் பழைய டீசல் காரை வாடகைக்கு ஓட்டுகிறேன். ஒகேனக்கலுக்குக் குளிக்கப் போகிறவர்கள், சித்தேரி மலைக்கு ஏறும் வாத்தியார்கள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவர்கள். ஒரே இடத்தில் ஒரு வாரம் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

மனைவியின் அண்ணன் மாங்கூழ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பேசி வைத்திருந்தார். கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் போய் உட்கார வேண்டும், இல்லையென்றால் கிளட்ச் இல்லாத வண்டி வாங்க வேண்டும். கரண்ட் வண்டி சரிப்படாது. காற்றடித்தால் மலையில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் ஒன்றைக் கூட்டாளி விற்க இருந்தான். என்னோடு லாரி ஓட்டியவன். "சித்தேரிக்கு ஏத்தி எறக்கிப் பாரு. எறங்கும்போது பேட்டரி தானா ஏறிக்கும். புடிச்சா எடு, இல்லன்னா ஆள வுடு" என்று சாவியைக் கொடுத்தான்.

மனைவியும் கூட வந்தாள். ஏற்றத்தில் வண்டி முனகவில்லை. மேலே போனபோது திரையில் பேட்டரிக்கு இரண்டு கோடுதான் மிச்சம்.

இறங்கத் தொடங்கியதும் என் கை தானாக நியூட்ரலுக்குப் போனது. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு இறக்கம் என்றால் கியரை விடுத்து வண்டியை உருளவிடும் நியூட்ரல்தான், டீசல் மிச்சம். தொப்பூர் இறக்கத்தில் அப்படி விட்டு முன்னால் போன லாரிக்கு அடியில் சொருகியவர்களை நானே வெளியே இழுத்திருக்கிறேன். அதற்கு மறுநாளே நானும் அங்கே நியூட்ரலில்தான் இறங்கினேன்.

நாலு வளைவு தாண்டியதும் மனைவி கேட்டாள். "ஏங்க, இந்தக் கோடு ஏறவே மாட்டேங்குதே?"

ஓரம் கட்டி, சிக்னல் கிடைத்த இடத்தில் கூட்டாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பேட்டரி செத்த வண்டிய என் தலையில கட்டுறியாடா?"

"நூட்ரல்ல வுட்டியா?"

கியர் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"வுட்டிருப்ப. நானும் மொதல்ல அப்படித்தான் வுட்டேன். கியருல வெச்சு பிரேக்க லேசா மிதிடா, அப்பத்தான் சக்கரம் மோட்டார சுத்தி பேட்டரி ஏறும். மிச்சம் புடிச்ச புத்தி போவுதா பாரு!"

மனைவி சிரித்தாள். "இவரு நடந்து எறங்குனாலும் நூட்ரல்லதாங்கண்ணா எறங்குவாரு."

கியரில் போட்டேன். யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டது போல வண்டி அடங்கி இறங்கியது. கோடுகள் ஏறின. கை மறுபடி நியூட்ரலைத் தேடிப் போனது. அவள் என் விரலைத் தட்டிவிட்டாள்.

அடிவாரத்தில் டீக்கடை முன் நிறுத்தி இறங்கினேன். முட்டி வழக்கம்போல வலித்தது.

"கிளட்சே இல்ல, அப்பறம் ஏன் நொண்டறீங்க?"

குனிந்து உள்ளே பார்த்தேன். இடது கால் பக்கம் தரையில் போட்டிருந்த ரப்பர் விரிப்பு சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு வளைவிலும் இல்லாத கிளட்சை மிதித்தபடியே வந்திருக்கிறேன்.

டீ வாங்கிக் குடித்தோம். வண்டியை வாங்கினாலும் வலி நாளைக்கே போகாது. இந்தக் கால் மறக்க எத்தனை மாதம் ஆகுமோ. இதற்கெல்லாம் இப்போது தெம்பு இல்லை என்றுகூட நினைத்தேன்.

"கால் பழகணும்" என்றேன்.

"இதுக்குக் கால் மட்டும் பழகினாப் போதும். அந்த நாற்காலிக்கு நீங்க முழுசா பழகணும். ஆவுமா?"

ஆகாது. திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது கூட்டாளியிடம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். "அடுத்த வாரம் வந்து ஓட்டிக்கிட்டுப் போ" என்றான்.

என் பழைய காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். கிளட்சை மிதித்ததும் முட்டி சுருக்கென்றது. பாலத்தைத் தாண்டினால் சின்ன இறக்கம். கை நியூட்ரலுக்குப் போனது. மனைவி பார்த்தாள், இந்த முறை விரலைத் தட்டிவிடவில்லை. இந்த வண்டிக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்று நானும் நியூட்ரலிலேயே விட்டுவிட்டேன்.