டொறின் அன்ரியின் கதிரை

வெள்ளவத்தை வீட்டைக் கூட்டுவதற்காகப் பிரம்புக் கதிரையை இழுத்தேன். கால்கள் தரையில் உராய்ந்த சத்தத்தில் சிறுவயதுக் கொட்டாஞ்சேனைப் பின்னேரங்கள் வந்துவிட்டன.

அங்கே பக்கத்து வீட்டு டொறின் அன்ரி பறங்கிப் பெண். தாயோடு போர்த்துக்கேயக் கலப்புமொழி பேசி வளர்ந்தவர். தன் பிரம்புக் கதிரையைத் தானே இழுத்துவந்து எங்கள் விறாந்தையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு கதைப்பார்.

"கதிரை எங்கட சொல்," என்றார் ஒருநாள்.

"யாழ்ப்பாணத்தில எல்லாரும் சொல்றது. அது தமிழ்தான்," என்றார் அம்மா. வாக்குவாதம் மாதக்கணக்கில் நீண்டது.

அன்ரி சொன்னதே சரி. போர்த்துக்கேயத்தில் அது 'கதெய்ரா'. அதற்கும் மூலம் இருக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆயரின் இருக்கை உள்ள கோவில் கதீட்ரல் ஆனதும் அதனால்தான். ஸ்பானிய மொழியில் அதே சொல் இடுப்பைக் குறிப்பதாகிவிட்டது.

சிங்களம் ஆட்சிமொழியான பிறகு அன்ரி குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. போகிற அன்று காலை கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"சொல்லை எடுத்திட்டீங்கள். இதையும் வச்சிருங்கோ."

தான் தோற்றதாக அம்மா ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால், "மற்றதில இருங்கோ, அது அவவின்ர," என்பார்.

கூட்டி முடித்துக் கதிரையைப் பழைய இடத்தில் வைத்தேன். சப்பாத்துப் போடக்கூட அதில் இருக்காமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.