கள்ளிமுளையானுக்கு ஈ தேடியவர்

பள்ளியில் காலை வழிபாடு முடியும் முன்பே செய்தி வந்துவிட்டது. எங்கள் உயிரியல் ஆசிரியை மரகதம் டீச்சர் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். முந்தின நாள் மாலைதான் ஆய்வகச் சாவிக்காக என்னோடு சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினார். வேதியியல் நடத்தும் எனக்கும் அவருக்கும் அது வழக்கம். இப்போதும் நம்ப முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றில் கள்ளிமுளையான் செடி புதர்புதராக இருந்தது. இலையில்லாத பட்டைத் தண்டு, கருஞ்சிவப்புப் பூ. பூத்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். கல்லுக்காகக் கரட்டை வெட்டத் தொடங்கியதும் டீச்சர் சில செடிகளைப் பெயர்த்து, நாமக்கல்லில் தம் வீட்டு வாசலிலேயே நட்டார். "ஊரில் எல்லாரும் வாசலில் மல்லிகை வைப்பார்கள்" என்று கேலி செய்தேன்.

"மல்லிகைக்கு நாம போதுமுங்க சார். இதுக்கு ஈ வேணும். நாம மூக்கைப் பொத்துனாத்தான் ஈ வரும்" என்றார். அழுகல் என்று ஏமாந்து வரும் ஈயின் காலில் மகரந்தம் ஒட்டி, அது அடுத்த பூவுக்குப் போனால்தான் காய். போன வருடம் பூத்தது, காய்க்கவில்லை. "கரட்டு ஈ வேற, டவுன் ஈ வேறயோ என்னமோ. காய்க்காட்டி அந்தக் கரட்டோட வம்சமே முடிஞ்சுதுங்க" என்று கலங்கினார். இந்த வருடம் மறுபடி பூத்ததிலிருந்து, எழுந்தவுடன் முகம்கூடக் கழுவாமல் செடியிடம்தான் போவாராம்.

நான் டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். செடிகளைக் காணோம். டீச்சரின் தம்பியிடம் கேட்டேன்.

"ஒரே நாத்தமுங்க சார். வர்றவங்க அக்காகிட்ட இருந்துதான் வருதுன்னு நெனச்சுக்குவாங்க. மனசு கேக்கல, புடுங்கி வீசிட்டேனுங்க" என்று அழுதார்.

அக்காவின் மானத்தைக் காத்தவரை என்ன சொல்லித் திட்டுவது? செடியின் கதையை மட்டும் சொல்லிவிட்டு, பின்பக்கக் குப்பைமேட்டுக்கு நடந்தேன். வாடிக் கிடந்த பூக்களை அங்கேயும் ஈக்கள் விடவில்லை. ஒரு தண்டில் நகத்தளவு பச்சைக் காய், இரட்டைக் கொம்பாக. டீச்சர் அதைப் பார்த்தாரா? இனி யாரிடம் கேட்பேன்?

பின்னாலேயே வந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டார். "மறுக்கா நட்டா பொழைக்குமுங்களா?"

"தண்டு வேர் பிடிக்கும்" என்றேன். பிடுங்கிய தண்டில் காய் முற்றாது என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

டீச்சர், காய் பிடித்தது. டவுன் ஈயும் வருகிறது. போய் வாருங்கள்.