பின்கேமராவின் அரை விநாடி

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் காருக்கான திரைகளைச் சோதிப்பது என் வேலை. கேமராவிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வரும் படம் அதிர்விலும் வெயிலிலும் அறுந்துபோகாமல் திரைக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்போம். அதனால் அண்ணன் தன் காருக்குப் பெரிய திரை வைத்த பிளேயர் ஒன்றை மலிவாக வாங்கி வந்தபோது, அதைப் பொருத்தும் வேலை என் தலையில் விழுந்தது.

பொருத்தி முடித்ததும் ஒரு தாளில் பட்டியல் போட்டேன். தெளிவு: நன்று. நிறம்: நன்று. தாமதம்: அரை விநாடி. பின்னால் நடப்பது அவ்வளவு நேரம் கழித்துத்தான் திரையில் தெரிந்தது. தொழிற்சாலையில் என்றால் அந்தப் பெட்டியை நிராகரித்திருப்பேன். வீட்டுக் கார்தானே என்று, ‘பார்க்கிங்குக்குப் போதும்’ என்று எழுதி டிக் அடித்தேன். மிச்சம் இருந்தது ஒன்று: வேகத்தடையில் ஏறி இறங்கும்போது படம் அறுகிறதா.

அதற்காக ஞாயிறு பூசை முடிந்ததும் பாலிக் புலாவ் பக்கம் போனோம். பின்கேமராவின் படத்தைத் திரையில் நிறுத்திவிட்டு, முன்சீட்டில் தாளோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தடைக்கும் “மெதுவா அண்ணே, இன்னும் மெதுவா” என்றேன். ஒரு கறுப்பு பிக்கப் திரையை அடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. விடாமல் ஹாரன் அடித்தது. அதன் நம்பர் பிளேட்டின் திருகாணிகூடத் தெளிவாகத் தெரிகிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“பின்னால இருக்கிறவன் கத்துறான்,” என்றார் அண்ணன்.

“இன்னும் ரெண்டு பம்ப்தான் அண்ணே.”

“ஆமை மாதிரி ஓட்டச் சொல்றதுக்கா உனக்கு ஃபேக்டரில சம்பளம் குடுக்கிறான்?”

அடுத்த தடையில் பிக்கப் எங்களை இடித்தது. அண்ணன் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கிப் பின்னால் போனார். பிக்கப்பும் சில அடி தள்ளி நின்றது. அதை ஓட்டி வந்தவன் கத்திக்கொண்டே இறங்கினான்.

“டேய், இது உங்கப்பன் வீட்டு ரோடா?”

“ஏன் அண்ணே இடிச்சீங்க? தங்கச்சி உள்ள இருக்கு லா.”

“தங்கச்சிக்கு ஊரு சுத்திக் காட்டுறியா? அதுக்கு எருமை மாட்டுல ஏத்திட்டுப் போடா!”

“வாய அளந்து பேசுங்க.”

அந்த ஆள் தன் வண்டிக்குள் கைவிட்டு ஸ்டீரிங் லாக்கை எடுத்தான். ஒரு முழ இரும்பு. திறந்திருந்த ஜன்னல் வழியே முதலில் சத்தம் கேட்டது. அதன் பிறகு திரையில் அவன் கை இறங்கியது. அண்ணனின் முன்கையில் ஒன்று. தோளில் ஒன்று. மூன்றாவது காதோரம். ஒவ்வோர் அடியையும் கேட்டுவிட்டுத்தான் பார்த்தேன். அண்ணன் இடது பக்கம் கால்வாய் ஓரப் புல்லில் விழுந்தார். அவன் விடவில்லை. குனிந்து இன்னும் அடித்தான்.

போலீஸுக்கு அழைக்கலாம், வருவதற்குள் அண்ணன் செத்துவிடுவார். நான் இறங்கலாம், என்னையும் அடிப்பான். அவன் வண்டியை இடித்தால், அதைப் பார்க்கத் திரும்புவான். பளபளவென்று மெருகேற்றி வைத்திருந்த வண்டி அது. ஓட்டுநர் இருக்கைக்குத் தாவி ரிவர்ஸ் போட்டேன். திரையில் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே யாருமில்லை. அவன் இடது ஓரத்தில் இரும்பை ஓங்கி நின்றான். அழுத்தினேன்.

கார் பின்னால் பாய்ந்தபோது, அவன் தன் வண்டியைக் காப்பாற்ற இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நடுவில் குதித்தான். இதைத் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். திரையில் இடைவெளி இன்னும் காலியாகவே இருந்தது. மோதிய சத்தமும் அலறலும் வந்த பிறகுதான் அவன் திரைக்கு வந்தான், தன் பம்பரோடு நசுங்கி, வாயைத் திறந்தபடி. காரை முன்னால் எடுத்ததும் சரிந்தான். அவன் முழங்கால் பக்கவாட்டில் மடிந்திருந்தது. எலும்பு தெரிந்தது.

போலீஸ் அதிகாரி நிதானமான மனிதர். தாமதத்தைப் பற்றி விளக்கியபோது, என்னைக் காரின் பின்னால் நின்று கையை ஆட்டச் சொன்னார், தான் திரையைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். திரையில் என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டார். அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம், அவனைக் கண்ணாடியில் முன்பே பார்த்துவிட்டதைச் சொன்னேன். அவருக்கு வலது கையில் மாவுக்கட்டு, காதில் தையல்.

“அரை செகண்டுல யாரால கால எடுக்க முடியும்? மிஷினா நீ?”

“எடுக்கப் பார்க்கல அண்ணே. இன்னும் அழுத்தினேன்.”

அவர் கதவைப் பார்த்தார். “அவனுக்கு இனிமே நடக்க வராதாம். வாய மூடிக்கிட்டு இரு. கெஞ்சிக் கேக்குறேன் லா.”

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டுப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அதே அதிகாரி. என் வாக்குமூலத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். அந்த வரியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார். வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல் என்றார்.

அண்ணனை அழைத்தேன். கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு வந்து சேர்ந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மேல் விழுந்த அடிகளை முதலிலிருந்து அதிகாரியிடம் சொல்ல ஆரம்பித்தார்.